கல்லீரல் மாற்றுக்குப் பின் வயிற்றில் வடிகுழாய்: எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் நோயாளியின் உடலில் பல குழாய்கள் இருக்கும். செயற்கைச் சுவாசக் குழாய், கழுத்துச் சிரையில் செருகிய குழாய், சிறுநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுவிட, வயிற்றின் பக்கவாட்டிலிருந்து வெளியே வந்து ஒரு சிறு குமிழிலோ பையிலோ முடியும் வடிகுழாய் பல நேரங்களில் கடைசிவரை தங்கிவிடுகிறது. அதில் சேரும் நீரின் அளவையும் நிறத்தையும் தாதியர் வேளைக்கு வேளை குறித்துக்கொள்கிறார்கள். பார்க்க வரும் குடும்பத்தாரும் அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இச்சிகிச்சை நடந்தால், "இன்றைக்கு எவ்வளவு வடிந்தது?" என்ற கேள்வி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் எழும். கூடுதலாக வடிந்தால் பெரியவர்கள் சிலர் நிம்மதி அடைவதும் உண்டு. கெட்ட நீர் வெளியே போகிறது, போகட்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கல்லீரல் மாற்று நோயாளியின் வயிற்றில் வடிகுழாய் செய்யும் வேலை அதைவிடச் சிக்கலானது. அதை வைக்கத்தான் வேண்டுமா என்பதில் அறுவை மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

வயிற்றைத் திறந்து அறுவை செய்தபின் குழாய் வைத்து மூடும் வழக்கம் பழையது. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமில் பணியாற்றிய லாசன் டெய்ட் என்ற மருத்துவர், சந்தேகம் இருந்தால் குழாய் வைத்துவிட வேண்டும் என்ற விதியின் வழியாகவே இன்றும் நினைவுகூரப்படுகிறார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் ஸ்கேன் கருவிகளும் இல்லாத அந்தக் காலத்தில், வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய வெளியே வரும் ஒரு குழாயைத் தவிர வேறு வழி ஏறக்குறைய இல்லை. எனினும் 1905ஆம் ஆண்டிலேயே யேட்ஸ் என்பவர் விலங்குகளில் செய்த ஆய்வு இந்த வழக்கத்தின் எல்லையைக் காட்டிவிட்டது. குழாயைச் சுற்றிக் குடலும் அதை மூடியிருக்கும் கொழுப்புத் திரையும் விரைவிலேயே ஒட்டிக்கொண்டு அதைத் தனிமைப்படுத்திவிடுவதால், வயிற்றுக்குழி முழுவதையும் ஒரு குழாயால் வடித்துவிட முடியாது என்று அவர் காட்டினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தக் கண்டறிதல் மறுக்கப்படவில்லை. வழக்கம் மட்டும் தொடர்ந்தது.

கல்லீரல் மாற்றில் அது தொடர்ந்ததற்குத் தக்க காரணமும் இருந்தது. 1963ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் செய்த உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்று, கட்டுப்படுத்த முடியாத இரத்தப்போக்கில் முடிந்தது. உறைதல் திறன் குன்றிய இரத்தம், அழுத்தம் மிகுந்து புடைத்த சிரைகள், பல மணி நேரம் நீளும் அறுவை ஆகியவை ஒன்றுசேர்ந்த அந்தத் தொடக்ககாலத்தில், வயிற்றுக்குள் மீண்டும் இரத்தம் கசிகிறதா என்பதை உடனே அறிய வேண்டியிருந்தது. அதனால் கல்லீரலுக்கு மேலும் கீழும் இடப்புறமுமாக இரண்டு மூன்று குழாய்கள் வைப்பது பல மையங்களில் அறுவையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1990ஆம் ஆண்டு முதல் கல்லீரல் மாற்று நடந்த காலத்தில், குழாய் வைக்காமல் மூடுவதை எண்ணிப் பார்ப்போர் உலகில் எங்குமே அரிது.

இன்று பயன்படும் குழாய்களில் பரவலாகத் தெரிந்தது, ஜாக்சன்–பிராட் என்ற பெயரில் வழங்கும் வகை. வயிற்றுக்குள் இருக்கும் முனையில் துளைகள் கொண்ட மென்மையான சிலிக்கோன் குழாயும், வெளிமுனையில் கையால் அழுத்தி மூடினால் மெல்ல விரிந்து உறிஞ்சும் ஒரு குமிழும் அதன் உறுப்புகள். குமிழ் நிறைய நிறைய உறிஞ்சும் விசை குறைந்துவிடும் என்பதால்தான் தாதியர் அதை அடிக்கடி காலிசெய்து மறுபடி அழுத்தி மூடுகிறார்கள். உறிஞ்சாமல், புவியீர்ப்பில் மட்டும் வடிய விட்டுப் பையில் சேர்க்கும் குழாய்களும் உண்டு. கல்லீரல் நோயாளியைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு சிறியதன்று. அதற்குக் காரணம் வயிற்று நீர்.

மகோதரம் என்று நம் முந்தைய தலைமுறையினர் அழைத்த வயிற்று நீர்க்கோவை, ஈரல் இறுகிப்போன நோயாளிகள் பலரிடம் அறுவைக்கு முன்பே இருக்கும். இறுகிய ஈரல் வழியாக இரத்தம் எளிதில் செல்ல முடியாமல் குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் குடற்சிரையில் அழுத்தம் ஏறுவதும், சிறுநீரகங்கள் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்வதும் அதன் அடிப்படை. புதிய கல்லீரல் பொருத்தியவுடன் அந்தத் தடை நீங்கிவிடுகிறது, ஆனால் நீர் சுரப்பது அன்றே நின்றுவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் விரிந்து பழகிய குடல் இரத்தக்குழாய்கள் இன்னும் மிகுதியான இரத்தத்தைப் புதிய ஈரலுக்குள் செலுத்திக்கொண்டிருக்கும். குளிரில் பாதுகாக்கப்பட்டு, மறுபடி இரத்தம் பாய்ச்சப்பட்ட அந்த ஈரலின் நுண்குழாய்களோ முதல் சில நாள்களில் கசியும் நிலையில் இருக்கும். ஈரலின் வாயிலில் ஓடும் நிணநீர்க் குழாய்கள் அறுவையின்போது துண்டிக்கப்பட்டிருக்கும். இரத்தக்குழாய்க்குள் நீரைத் தக்கவைக்கும் அல்புமின் என்ற புரதம் இரத்தத்தில் குறைவாக இருக்கும். ஆகவே தெளிந்த மஞ்சள் நிற நீர் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், சுரந்துகொண்டேயிருப்பது எதிர்பார்க்கத் தக்கதுதான். அதுவே புதிய ஈரல் பழுதடைந்ததற்கான அடையாளம் ஆகாது.

இப்படிச் சுரக்கும் வயிற்றில் உறிஞ்சு குழாய் ஒன்றை வைத்திருப்பது ஊற்றுக் கிணற்றை விடாமல் இறைப்பது போன்றது. இறைக்க இறைக்கக் கிணறு ஊறும். வெளியேறும் நீர் வெறும் தண்ணீரும் அன்று, அதன் சோடியம் அளவு ஏறக்குறைய இரத்த நீரின் அளவை ஒட்டியே இருக்கும். நாளொன்றுக்கு 2 லிட்டர் வடிகிறது என்றால், சுமார் 15 கிராம் சமையல் உப்புக்கு ஈடான சோடியமும், அதனுடன் கணிசமான புரதமும் உடலை விட்டுப் போகின்றன. ஊசி வழியாக வயிற்று நீரை எடுக்கும் வழக்கமான சிகிச்சையில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் அல்புமின் ஏற்ற வேண்டும் என்பது நெறி. வடிகுழாய் அதே வேலையை இரவும் பகலுமாகச் செய்கிறது, ஆனால் யாரும் ஒரே மூச்சில் 5 லிட்டரை வெளியேற்றுவதில்லை என்பதால் இழப்பு கண்ணுக்குப் படுவதில்லை. இழந்த நீரை ஈடுசெய்யாமல் விட்டால் இரத்தக் கன அளவு குறையும். சிறுநீரகம் முதலில் பாதிக்கப்படும். புதிய ஈரலை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தும் சிறுநீரகத்துக்குப் பகையானது என்பதை இங்கே சேர்த்துக் கணக்கிட வேண்டும். கெட்ட நீர் போகட்டும் என்ற பெரியவர்களின் நிம்மதி இந்த இடத்தில்தான் பிசகுகிறது: போவதில் பெரும்பகுதி கெட்ட நீர் அன்று, நோயாளிக்குத் தேவைப்படும் நீர்.

ஈரலின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் அறுவைகளில் இந்தக் கேள்விக்குப் பெரிதும் விடை கிடைத்துவிட்டது. 1996இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 120 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வில், வழக்கமான ஈரல் அறுவைக்குப் பின் வடிகுழாய் தேவையில்லை என்று தெரிந்தது. 2004இல் ஹாங்காங்கில் 104 நோயாளிகளிடம் செய்த ஆய்வு அதைவிட ஒரு படி மேலே போனது. நாட்பட்ட ஈரல் நோய் உள்ளவர்களுக்குக் குழாய் வைத்ததால் காயத்தில் சிக்கல்கள் கூடின, மருத்துவமனையில் தங்கும் நாள்களும் நீண்டன. குழாயைச் சுற்றி வயிற்று நீர் கசிவதும், அந்த வழியே கிருமிகள் நுழைவதும் அதற்கு முக்கியக் காரணங்கள். 2007இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் சிக்கலற்ற ஈரல் வெட்டு அறுவைகளில் வழக்கமாகக் குழாய் வைப்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது.

ஆனால் வெட்டு அறுவையின் முடிவை மாற்று அறுவைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மாற்று அறுவையில் முழு உறுப்பும் வெளியே எடுக்கப்பட்டு, பெருஞ்சிரை, ஈரல் தமனி, குடற்சிரை, பித்தக்குழாய் ஆகியவை ஒவ்வொன்றாகத் தைத்து இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு தையலும் கசிவதற்கு ஓர் இடம். நோயாளியின் இரத்தம் உறையும் திறன் முதல் சில நாள்கள் புதிய ஈரலின் தயவில் இருக்கிறது. நோயெதிர்ப்பு மருந்தால் அடக்கப்பட்டிருப்பதால், சீழ் கட்டினாலும் காய்ச்சலோ வயிற்று வலியோ தெளிவாக வெளிப்படாமல் போகலாம். குழாய் வேண்டும் என்போரின் வாதத்துக்கு வலுவான அடிப்படை இதுதான்.

மறுபுறம், மாற்று அறுவைக்கென்றே தனியான ஆதாரத்தைத் தேடினால் கை வெறுமையாகவே திரும்புகிறது. 2011இல் காக்ரேன் ஆய்வாளர்கள் தேடியபோது, குழாய் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஓர் ஆய்வுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சூரிக் நகர மருத்துவக் குழு 2009இல் ஒத்த தன்மையுள்ள நோயாளிகளை இணைசேர்த்து ஒப்பிட்டு, வழக்கமாகக் குழாய் வைப்பதன் பயனைக் கேள்விக்கு உள்ளாக்கியது. இத்தகைய பின்னோக்கிய ஒப்பீடுகளில் ஒரு குறை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்: அறுவை நல்லபடியாக முடிந்து, இரத்தம் கசியாமல் உலர்ந்திருக்கும் வயிற்றைத்தான் மருத்துவர் குழாய் இன்றி மூடத் துணிவார். ஆகவே குழாய் இல்லாதவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்றால், அது குழாய் இல்லாததாலா, முதலிலேயே நலமாக இருந்ததாலா என்று பிரித்தறிவது கடினம். மாற்று அறுவைக்குப் பின் விரைவில் தேறுவதற்கான வழிமுறைகளை வகுக்க 2022இல் ஸ்பெயினின் வலென்சியாவில் கூடிய நிபுணர்கள் வடிகுழாயையும் தனிக் கேள்வியாக எடுத்து ஆராய்ந்தார்கள் என்பதே, இது இன்னும் முடிந்துபோன விவகாரம் அன்று என்பதைக் காட்டும்.

என் பார்வையில், வைப்பதா வேண்டாமா என்ற விவாதத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது, வைத்த குழாயை எப்படிப் படிப்பது, எப்போது எடுப்பது என்பதற்குக் கிடைக்க வேண்டும். அளவு மட்டும் எதையும் சொல்லாது. தெளிந்த மஞ்சள் நீர் 2 லிட்டர் வடிந்தால் சமாளிக்கலாம். பச்சையும் பழுப்பும் கலந்த நீர் 200 மில்லிலிட்டர் வடிந்தால் அன்றே நடவடிக்கை தேவைப்படலாம். பித்தக் கசிவு உள்ளதா என அறிய, வடிநீரில் உள்ள பிலிருபின் என்ற பித்த நிறமியை இரத்தத்தில் உள்ள பிலிருபினோடு ஒப்பிடுவார்கள். அறுவையின் 3ஆம் நாளோ அதற்குப் பிறகோ வடிநீரின் அளவு இரத்தத்தின் அளவைப்போல் 3 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது பித்தக் கசிவு என்று ஈரல் அறுவை நிபுணர்களின் பன்னாட்டுக் குழு 2011இல் வரையறுத்தது. இரத்தத்தில் லிட்டருக்கு 60 மைக்ரோமோல் இருந்தால், வடிநீரில் 180 என்பது எல்லைக்கோடு.

மாற்று நோயாளியிடம் இந்தக் கணக்கு எப்போதும் இவ்வளவு சுளுவாக அமைவதில்லை. மஞ்சள் காமாலை இன்னும் வடியாமல் இரத்தத்தில் 300 இருப்பவருக்கு எல்லைக்கோடு 900 ஆகிவிடுகிறது. அதே வேளையில் 2 லிட்டர் வயிற்று நீர் சேர்ந்தால் சிறிய கசிவின் பித்தம் கரைந்து நீர்த்துப்போய் அந்த எல்லையைத் தொடாமலே இருக்கலாம். அதனால் ஒருநாள் எண்ணைவிட, இரத்தத்தில் குறையும்போது வடிநீரில் ஏறுகிறதா என்ற போக்குதான் பயன்படும். உண்மையிலேயே பித்தம் கசிகிறது என்று தெரிந்தால், அடுத்து இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து ஈரல் தமனியைப் பார்க்க வேண்டும். மாற்றப்பட்ட ஈரலில் பித்தக்குழாய்கள் உயிர்வாழ்வது அந்த ஒரு தமனியின் இரத்தத்தால்தான். அது அடைபட்டதன் முதல் தடயம் சில வேளைகளில் பித்தக் கசிவாகவே வெளிப்படும். சாப்பாடு தொடங்கியபின் வடிநீர் பால்போல் வெண்மையானால், அது துண்டிக்கப்பட்ட நிணநீர்க் குழாய்களின் கசிவாக இருக்கலாம். கொழுப்பு குறைந்த உணவால் அதைப் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடலாம்.

குழாய் காட்டாமல் விடுவதும் உண்டு. இரத்தப்போக்கு கடுமையாக இருந்தால் கட்டிய இரத்தமே குழாயின் துளைகளை அடைத்துவிடும். குமிழ் காலியாக இருக்க, வயிறு உப்பி, இதயத் துடிப்பு கூடி, ஹீமோகுளோபின் சரியும். குழாயில் ஒன்றும் வரவில்லை என்ற ஆறுதலை நம்பிக் காத்திருப்பது அந்த நேரத்தில் ஆபத்து. தமனி அடைப்பு, உடல் ஈரலை நிராகரிப்பது ஆகியவற்றையும் குழாய் நேரடியாகச் சொல்லாது. முன்னதற்கு டாப்ளர், பின்னதற்கு இரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும்தான் வழி. வயிற்றில் ஓரிடத்தில் சீழோ பித்தமோ தேங்கினாலும், ஸ்கேனின் துணையுடன் தோல் வழியே மெல்லிய சுருள்முனைக் குழாயை அந்த இடத்துக்கே செலுத்தி வடிக்க இன்று முடிகிறது. டெய்ட்டின் காலத்தில் இல்லாத இந்த வசதிதான், முன்கூட்டியே குழாய் வைப்பதன் தேவையைப் பெரிதும் குறைத்துவிட்டது.

தொற்று பற்றி ஒரு நுணுக்கம். பல நாள் இருந்த குழாயிலிருந்து எடுத்த நீரில் கிருமி வளர்ந்தால், அது வயிற்றுக்குள் தொற்று உள்ளதைக் காட்டலாம், அல்லது குழாயில் கிருமி குடியேறியிருப்பதை மட்டும் காட்டலாம். சேகரிப்புப் பையில் நின்ற நீரை அனுப்பினால் குழப்பம் கூடும். மருந்தை எதிர்க்கும் கிருமிகள் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் கவலைக்குரியவை. நோயெதிர்ப்பு அடக்கப்பட்ட ஒருவரின் வயிற்றுக்குள் அவை நுழைய ஒரு வழியைத் தேவைக்கு மேல் ஒருநாள்கூடத் திறந்துவைத்திருக்கக் காரணம் இல்லை. குழாய் இருக்கும் பக்கம் வலிப்பதால் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் எழுந்து நடக்கவும் நோயாளி தயங்குவதும் ஒரு தீங்கே, அது குறிப்பேட்டில் ஏறுவதில்லை என்றாலும்.

சிங்கப்பூரில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1987இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களுக்கு மட்டுமே பொருந்தியது. 2004இல்தான் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவற்றுக்கும் மற்ற வகை இறப்புகளுக்கும் விரிக்கப்பட்டது, 2008இல் முஸ்லிம்களும் அதன் வரம்புக்குள் வந்தனர். இருந்தும், உயிருடன் இருக்கும் உறவினர் ஒருவர் தம் ஈரலின் பகுதியைக் கொடுப்பது இங்கே முக்கிய வழிகளில் ஒன்றாக இருக்கிறது. அதற்கு மருத்துவமனையின் உறுப்பு மாற்று நன்னெறிக் குழு எழுத்துபூர்வமாக ஒப்புதல் தர வேண்டும். பகுதி ஈரல் என்றால் வெட்டிய பரப்பு ஒன்று கூடுதலாக உண்டு. அங்கிருந்து பித்தம் கசியும் வாய்ப்பும் கூடும். கொடுத்த பகுதி பெறுபவரின் எடையில் 0.8 விழுக்காட்டுக்குக் குறைந்தால், அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு 560 கிராமுக்குக் குறைந்தால், குடற்சிரையின் முழு வெள்ளமும் சிறிய ஈரலுக்குள் பாய்ந்து, காமாலை நீடிப்பதும் வயிற்று நீர் வாரக்கணக்கில் பெருகுவதும் நேரலாம். 14ஆம் நாளுக்குப் பிறகும் நாளொன்றுக்கு 1 லிட்டருக்கு மேல் சுரந்தால் அதை அந்நிலையின் அடையாளங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் மையங்கள் உள்ளன. இங்கே மட்டும் அளவுக்கே ஒரு பொருள் உண்டு.

கொடையாளியின் நிலை வேறு. அண்ணனுக்காகவோ அப்பாவுக்காகவோ ஈரலில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டு அடுத்த வார்டில் படுத்திருக்கும் அந்த நலமான மனிதருக்கு வயிற்று நீரும் இல்லை, உறைதல் கோளாறும் இல்லை. வெட்டு அறுவை ஆய்வுகளின் முடிவு அவருக்கு நேரடியாகப் பொருந்துகிறது. இருந்தும் பித்தம் கசிந்தால் உடனே தெரிய வேண்டும் என்று ஒரு குழாயைச் சில நாள் வைத்திருக்கும் மருத்துவர்கள் பலர். நோயே இல்லாதவருக்குச் செய்த அறுவை என்பதால் கூடுதல் எச்சரிக்கை கொள்கிறார்கள். ஆதாரத்தைவிட மனச்சான்று பேசும் இடம் என்றே இதைச் சொல்வேன்.

குழாயை எடுக்கும் முடிவு பொதுவாக முதல் வாரத்துக்குள் வருகிறது. இரத்தமோ பித்தமோ இல்லை, டாப்ளர் சரியாக இருக்கிறது, ஹீமோகுளோபின் நிலையாக இருக்கிறது என்றால், நாளொன்றுக்கு ஒரு லிட்டர் தெளிந்த நீர் வடிந்தாலும் எடுத்துவிடலாம் என்பது பல குழுக்களின் நடைமுறை. வடிவது முற்றிலும் நிற்கட்டும் என்று காத்திருந்தால், குழாயே அதை நிற்கவிடாமல் வைத்திருக்கக்கூடும். குழாய் இருந்த துளையைச் சுற்றிச் சுருக்குத் தையல் ஒன்று போட்டு மூடுவார்கள். உப்பைக் குறைத்து, சிறுநீர் பெருக்கும் மருந்து கொடுத்தால் எஞ்சிய நீரைப் பெரும்பாலும் உடலே உறிஞ்சிக்கொள்ளும். துளையிலிருந்து சில நாள் தெளிந்த நீர் கசிந்து துணியை நனைத்தால், அதன் மேல் ஒரு சிறு பையை ஒட்டி அளந்துகொள்வார்கள். பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும். வீடு திரும்பியபின் அந்த இடம் சிவந்தாலோ, கசியும் நீர் கலங்கினாலோ பச்சையானாலோ, லேசான காய்ச்சல் மட்டுமே இருந்தாலும்கூட, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் மாற்றுச் சிகிச்சைக் குழுவின் தாதிக்குத் தெரிவிக்க வேண்டும்.